விரிப்பின் மேல் அம்மா வைத்த பை

மழையின் முதல் சொட்டு என் இடது கால் ஷூவின் மேல் விழுந்தது. அது இன்னும் விலைகூடப் பேசாத ஷூ. நெல்லித்தோப்பில் மார்க்கெட்டை ஒட்டிய நடைபாதையில் பழைய ஷூக்களைக் குவித்து விற்பவர் எதிரே, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தேன். அதற்கு ஜோடியான வலது ஷூவைக் கடைக்காரர் குவியலுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அம்மா வேறொரு ஷூவை எடுத்து, மீனுக்குச் செவுள் பார்ப்பதுபோல அதன் அடித்தோலை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சொட்டு அம்மாவின் கையில் விழுந்தது. மூன்றாவதை எண்ண நேரமில்லை. ஐப்பசி மழை சொல்லிவிட்டு வராது.

ஷூக்காரரைத் தவிர, நடைபாதையில் கடை போட்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆளைப்போலக் குனிந்தார்கள். விரிப்பின் நான்கு முனைகளையும் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சேர்த்து முடிந்து, தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பிளாஸ்டிக் பொம்மைக்காரர், சீப்புக் கண்ணாடி விற்கும் பெண், பாத்திரக்காரர் எல்லாரும் ஓடினார்கள். எனக்கு அதைப் பார்க்க வேடிக்கையாகக்கூட இருந்தது.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து கடைகளுக்கு அப்பால் ஒருவர் சட்டைகளை விரித்து வைத்திருந்தார். அந்த இடத்தில் இப்போது நனைந்துகொண்டிருக்கும் சிமென்ட் தரைதான் இருந்தது. விரிப்பு இல்லை. சட்டைகள் இல்லை. விரிப்பின் ஓரத்தில் அம்மா வைத்துவிட்டு வந்த பையும் இல்லை.

அந்தப் பைக்குள் என் சான்றிதழ்கள் இருந்தன. எல்லாமே அசல்.

எங்கள் வீட்டில் காகிதம்

இந்தத் தொடரில் அப்பாவைப் பற்றியும் கடலைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டேன். அம்மாவைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் இந்த மழைச் சனிக்கிழமைதான் முதலில் வந்து நிற்கும். அதைத் தாண்டாமல் வேறு எதையும் எழுத முடியாது என்று தெரியும். அதனால் தள்ளிக்கொண்டே வந்தேன்.

நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலைக்குத் தேர்வு எழுதியிருந்தேன். பெயர் பட்டியலில் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும், வரத் தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போகும் என்று கடிதத்தில் இருந்தது. அந்தக் கடைசி வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிள்ளைச்சாவடியில் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே என்னைச் சேர்க்கப் போனபோதுதான். காகிதம் என்றாலே எங்கள் வீட்டுக்குப் பயம். வங்கியிலிருந்து ஏதாவது கவர் வந்தால், நான் காலேஜ் விட்டு வரும்வரை அதை யாரும் பிரிக்க மாட்டார்கள். அடுப்படியில் கிடக்கும் தேளைச் சுற்றிப் போவதுபோல அதைச் சுற்றிப் போவார்கள். அப்பா தன் மீனவர் அடையாள அட்டையை வாயகன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, மூடிக்கு மேல் மெழுகும் உருக்கி ஊற்றி வைத்திருந்தார். ஒருமுறை அதிகாரி கேட்டபோது கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு புயல் வருஷம் கடல் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. எல்லாரும் டிவியையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அம்மா என் பச்சை ஃபைலைத் தலைமேல் வைத்து, அதன் மேல் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடியும்வரை பள்ளிக்கூடக் கட்டடத்தில் நின்றாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அப்போது அந்த ஃபைலில் இருந்தது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஒன்றே ஒன்றுதான்.

இதை நான் அந்தச் சனிக்கிழமை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நீ பேசினா வெலை ஏறிடும்

திங்கட்கிழமைக்கு எனக்கு ஒரு நல்ல சட்டை, ஒரு பெல்ட், ஒரு ஜோடி ஷூ தேவைப்பட்டது. இருந்த சட்டைகளில் எல்லாம் கல்யாண வீட்டுப் பூ வேலை. கால்சட்டையை மட்டும் நண்பன் ஒருவன் கொடுத்திருந்தான்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் கூடும் சந்தை பிரசித்தம். அம்மா அதற்குப் போகவே மாட்டாள். கூட்டம் சேர்ந்தால் விலை ஏறும் என்பது அவள் கட்சி. சனிக்கிழமை மத்தியானம்தான் நல்ல நேரம் என்பாள். வெளியூரிலிருந்து வரும் வியாபாரிகளுக்கு அப்போது பஸ் பிடித்து வீடு போய்ச் சேரும் அவசரம் வந்துவிடும். கொண்டுவந்ததைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போக மனம் வராது. "மத்தியானத்து மீனு மாதிரி. வெச்சுக்கவும் முடியாது, வுடவும் முடியாது" என்று சொன்னாள்.

காலையில் கிளம்பினோம். முதலில் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் சான்றிதழ்களை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்தோம். அம்மா தனக்குத் தெரிந்த ஒரு காய்கறிக்காரப் பெண்ணிடம் வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்து, பதிலுக்குக் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டாள். பெல்ட் அங்கேயே கிடைத்தது. நேரு வீதியில் ஒரு கண்ணாடிக் கதவுக் கடைக்குள் நான் மட்டும் போய், ஒரு சட்டையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, போன வேகத்தில் வெளியே வந்தேன். உள்ளே ஏசி குளிருக்கு மூக்கு உறைந்ததுதான் மிச்சம்.

வழியெல்லாம் ஃபைலை நான்தான் மார்போடு அணைத்து வைத்திருந்தேன்.

அம்மாவுக்குப் பேரத்தில் ஒரு விதி உண்டு. அவள் பேசும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. "நீ பேசினா வெலை ஏறிடும்" என்பாள். படித்தவன் பேச்சு தனியாகத் தெரியும், வியாபாரி அதைக் கேட்டதும் மனசுக்குள் விலையை ஏற்றிவிடுவான் என்று நம்பினாள். அதில் உண்மை இருந்தது. நான் தனியாக எதை வாங்கி வந்தாலும் ஏமாந்துதான் வருவேன். அதனால் அவள் பக்கத்தில் ஊமைபோல நிற்கப் பழகியிருந்தேன்.

நெல்லித்தோப்பில் அந்தச் சட்டைக்காரரின் விரிப்பு முன்னால் நின்றோம். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. பழைய சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புதுசுபோல மடித்து வைத்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். தன்னிடம் இருப்பது அத்தனையும் சொல்தா வீட்டுச் சட்டை என்று அவர் சொன்னார். அம்மா ஒன்றைப் பிரித்துக் காலர்த் தையலைக் காட்டி, "திருப்பூர் சொல்தாவா?" என்று கேட்டாள். அவரும் சிரித்துவிட்டார்.

வெளிர்நீலத்தில் ஒரு சட்டை. என் அளவு. போட்டுப் பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஃபைலை அம்மாவின் கட்டைப் பைக்குள், கத்திரிக்காய் மேல் வைத்தேன். நான்தான் வைத்தேன்.

சட்டை பொருந்தியது. அவர் ஒரு விலை சொன்னார். அம்மா அதில் பாதிக்கும் கீழே சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார். அம்மா சட்டையை மடித்து வைத்துவிட்டு, பையை விரிப்பின் ஓரத்தில் இறக்கினாள்.

"பை இங்க இருக்கட்டும். ஷூ கடை வரிக்கும் போய்ட்டு வரேன். அதுக்குள்ள யோசனை பண்ணி வை."

கரையில் ஒரு சட்டம்

இந்த இடத்தில் வாசகர்கள் அம்மாவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பையை வைத்துவிட்டுப் போவது மறதி இல்லை, அலட்சியமும் இல்லை. மீன் விற்கும் அவளுக்கு அது தொழில் முறை.

விடியற்காலையில் படகுகளில் வந்து எங்கள் கரையில் மீனைக் கொட்டுவார்கள். ஏலம் தொடங்கும் முன் பெண்கள் தங்களுக்கு வேண்டிய குவியலுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு கூடையை வைப்பார்கள். கூடையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், அடுத்த படகைப் பார்க்கப் போகலாம். கூடை கிடந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. அவளை விட்டுவிட்டு ஏலத்தை முடிக்க மாட்டார்கள். மற்றவள் கூடையை யாராவது நகர்த்தினால் அன்றைக்குக் கரையில் பெரிய சண்டை. கூடைக்குள் சுருக்குப் பையையும் கத்தியையும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. யாரும் தொட்டதில்லை.

அம்மா அந்தச் சட்டத்தைக் கரையிலிருந்து ஊருக்குள் கொண்டுவந்து வைத்திருந்தாள். துணியோ பாத்திரமோ, விலை படியவில்லை என்றால் பையைக் கடையிலேயே வைத்துவிட்டு நடப்பாள். பை கிடக்கும்வரை வியாபாரி அவளைப் போய்விட்டாள் என்று கைகழுவ முடியாது. திரும்பி வரப்போகிறாள் என்றும் தெரியும். அந்த இடைவெளியில் அவர் மனம் இறங்கும். இருபது வருஷமாக இது அவளுக்குப் பலித்துவந்தது.

ஆனால் கரையில் மழை வந்தால் யாரும் ஓடுவதில்லை. மீன் நனைந்தால் என்ன? துணி வியாபாரி ஓடுவார் என்பது அவள் கணக்கில் இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அவள் பையை இறக்கியபோது ஃபைல் அதற்குள் இருப்பது என் நினைவில் இருந்தது. தெளிவாக இருந்தது. அதன் பச்சை முனை பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்தேன். அம்மா, ஃபைல் என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தால் பேரம் கெட்டுவிடும் என்று சும்மா இருந்தேன். ஒரு சட்டையில் மிச்சமாகப்போகும் கொஞ்சம் காசுக்காக.

வாய்க்கால்

ஒரு கால் ஷூவோடும் ஒரு கால் வெறுமையாகவும் நான் ஓடினேன். சட்டைக்காரர் இருந்த இடத்தில் போய் நின்றேன். அங்கே நின்று என்ன செய்வது என்று தெரியவில்லை. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. நடைபாதையை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் சுழித்து ஓடியது. டீ கப்பும் காகிதமும் பூமாலை நாரும் அதில் போயின. வெள்ளையாக எது போனாலும் அது என்னுடையது என்று பட்டது. ஒன்று போய்விட்டது, இதோ இன்னொன்று, இது டிகிரி என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

என்னோடு படித்த ஒருவன் மதிப்பெண் சான்றிதழைப் பஸ்ஸில் தொலைத்தான். போலீஸில் புகார், பேப்பரில் விளம்பரம், ஒவ்வொரு அலுவலகத்திலும் நாளைக்கு வா என்ற பதில். நகல் வந்து சேர்வதற்குள் அவன் நம்பியிருந்த வேலை போயே போய்விட்டது. எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஒரு கடையின் கூரைக்குக் கீழே கொய்யாப்பழக் கூடையோடு ஒதுங்கியிருந்த பெண்ணிடம் அம்மா விசாரித்தாள். எந்த மாதிரிப் பை என்று அந்தப் பெண் கேட்டாள். அம்மா சொன்னாள். கருவாடு கொண்டுவந்த பை என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

"கவுச்சிப் பையா? துணி மூட்டையில அத இன்னாத்துக்கு வெச்சிக்கப்போறாரு. சட்டையெல்லாம் நாறிடாது? வழியிலியே வாய்க்கால்ல வீசிட்டுப் போயிருப்பாரு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நடக்கக்கூடியதைத்தான் சொன்னாள்.

அம்மா வாய்க்கால் ஓரமாக நடந்தாள். ஓரிடத்தில் சிறு பாலத்துக்கு அடியில் துணிபோல ஏதோ சிக்கியிருந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டு, தோள்வரை கையைவிட்டு இழுத்தாள். பை வந்தது. கட்டைப் பைதான். நிறமும் ஏறக்குறைய அதே. அவள் கவிழ்த்ததும் உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் கொட்டின. யாருடையதோ.

அதைப் பார்த்த நொடியில் எனக்குள் இருந்த பயம் எல்லாம் வேறு ஒன்றாகிவிட்டது.

"படிச்சிருந்தா தெரியும் அது இன்னான்னு. ஒனக்கு அதுவும் ஒண்ணுதான், கருவாடும் ஒண்ணுதான்" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. மழையில் அவளுக்குக் கேட்டிருக்காது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டது. மண்டியிட்டபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பாவின் படகு வரத் தாமதமாகும் நாட்களில் கடலைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. எந்தப் பக்கமிருந்து என்ன வரும் என்று தெரியாத பார்வை.

நானே அவள் பையில் வைத்தேன் என்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விழுப்புரம் பஸ்

ஷூக்காரர் தன் குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அதன் பக்கத்திலேயே கோணியைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய ஷூவோடு ஓடியதால் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அம்மா திரும்பி வந்து, என் காலில் இருந்த ஷூவைக் கழற்றச் சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டு, சட்டைக்காரரைப் பற்றிக் கேட்டாள். பெயர் ஏகாம்பரம், விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம் என்றார்.

"போன் நம்பர் இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"அவுரு போனே வெச்சுக்கறது இல்லப்பா. மழைன்னா மொத ஆளா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடுவாரு. இப்ப ஏறியிருப்பாரு."

அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாக வருவார், நானே வாங்கி வைக்கிறேன் என்றும் ஆறுதலாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை. அம்மா அதைக் கேட்க நிற்கவில்லை. நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

நெல்லித்தோப்பிலிருந்து பஸ் ஸ்டாண்ட் அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனால் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஆட்டோக்காரர்கள் கைகாட்டினால் நிற்கவில்லை. அம்மா முன்னால் போனாள். நான் பின்னால். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரிடத்தில் அவளுடைய ஒரு செருப்பு தண்ணீரோடு போனது. மற்றதையும் உதறிவிட்டு நடந்தாள். நான் வாய்க்குள் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். எந்தச் சாமி என்று நினைவில்லை.

விழுப்புரம் பஸ்கள் நிற்கும் இடத்தில் இரண்டு வண்டிகள் இருந்தன. முதல் வண்டிக்குள் நான் ஏறிப் பார்த்தேன். மூட்டை எதுவும் இல்லை. இறங்கும்போது இரண்டாவது வண்டி கிளம்புவதற்காகப் பின்பக்கமாக நகர ஆரம்பித்துவிட்டது. அதன் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு பெரிய துணி மூட்டை ஒட்டிக்கொண்டு தெரிந்தது.

எனக்குக் கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அங்கே நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா ஓடினாள். நேராக வண்டிக்குப் பின்னால் போய் நின்று இரண்டு உள்ளங்கையாலும் தகரத்தைத் தட்டினாள். வண்டி நிற்கவில்லை. அவளும் விலகவில்லை. பின்னால் ஒரு அடி வைத்தாள், மறுபடியும் தட்டினாள், இன்னொரு அடி வைத்தாள். அவளுக்குப் பின்னால் எதிர் வரிசையில் நின்ற வேறொரு பஸ்ஸின் முகப்பு இருந்தது. இடையில் இருந்த இடம் குறைந்துகொண்டே வந்தது. என் சான்றிதழ் எனக்கு மறந்துபோனது அந்த நேரத்தில்தான்.

யாரோ விசில் ஊதினார்கள். வண்டி குலுங்கி நின்றது. அம்மாவின் முதுகுக்கும் பின்னாலிருந்த பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

கண்டக்டர் இறங்கி வந்து வாயில் வந்தபடி திட்டினார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியே மூட்டையைக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஏறிப் போய் ஏகாம்பரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். வார்த்தைகள் முன்பின்னாக வந்தன. சர்டிபிகேட் என்ற சொல் மட்டும் அவருக்குப் புரிந்தது. வேறு எதுவும் கேட்காமல் எழுந்துவிட்டார். வண்டிக்குள் பிரிக்க விட மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். மூட்டையை இறக்கினோம். வண்டி அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நடைமேடையில் ஈரமில்லாத ஓரத்தில் முடிச்சை அவிழ்த்தார். மடித்த சட்டைகள் எல்லாம் கசங்கி, ஒன்றுக்குள் ஒன்று சுற்றிக் கிடந்தன. நான் கைவிட்டுத் துழாவினேன். சட்டை, சட்டை, சட்டை. நடுவில் கத்திரிக்காய் ஒன்று உருண்டது. அதைத் தொடர்ந்து பை. பைக்குள் பச்சை ஃபைல்.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. டிகிரி சான்றிதழின் ஒரு மூலையில் மட்டும் ஈரம் ஏறி, காகிதம் லேசாக நெளிந்திருந்தது.

ஏகாம்பரம் ஈரமான சட்டைகளைத் தனியே பிரித்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார்.

"ஏம்மா, இத்தினி பெரிய பொருள அங்க வெச்சுட்டுப் போனியே, நான் இன்னா காவக்காரனா?"

"எங்க கரையில கூடைய வெச்சா யாரும் தொட மாட்டாங்கண்ணே."

"இது கரை இல்லம்மா."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு அந்த வெளிர்நீலச் சட்டையைத் தேடி எடுத்தாள். அவர் முதலில் சொன்ன விலையை அப்படியே அவர் கையில் வைத்தாள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. அதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். அம்மா கையை நீட்டவில்லை. அவள் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமையும் அதற்குப் பிறகும்

பிள்ளைச்சாவடி வழியே போகும் காலாப்பட்டு பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். ஃபைலை நான் மடியில் வைத்திருந்தேன். ஜன்னல் வழியே சாரல் அடித்தது. அதை இறக்க நான் எழுந்தபோது, ஒரு நிமிஷம் பிடி என்று ஃபைலை அம்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்க, பிரவீனு. நான் தொட மாட்டேன்" என்றாள்.

கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் எதையாவது பிடிக்கச் சொன்னால் சிலர் பயந்து கையை இழுத்துக்கொள்வார்களே, அப்படித்தான் சொன்னாள். ஃபைலைப் பற்களில் கடித்துக்கொண்டு ஜன்னலை இறக்கினேன்.

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு முயற்சி செய்தேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஃபைலை உன் பையில் வைத்தது நான்தானே என்று தொடங்கினேன். அதெல்லாம் விடு, ஷூ வாங்காமலேயே வந்துவிட்டோமே, சித்தப்பா மகனிடம் கேட்டுப் பார் என்றாள். கேட்டேன். ஒரு அளவு பெரியது கிடைத்தது. நுனியில் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

சரிபார்ப்பில் இருந்த அதிகாரி டிகிரி சான்றிதழின் நெளிந்த மூலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். மழை சார் என்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அந்தச் சில நொடிகளில் ஷூ நுனியில் இருந்த பஞ்சைக் கால்விரல்களால் நெருக்கிக்கொண்டு நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வேலை உத்தரவு தபாலில் வந்தது. அன்றைக்கு நான் ஒரு வேலையாக டவுனில் இருந்தேன். தபால்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். போன் செய்தார்.

"பிரவீன், ஒனக்கு கெவர்மெண்ட்டு கவர் வந்துருக்கு. ஒங்க அம்மா கையில வாங்க மாட்டேங்கறாங்க. நாற்காலியில வெச்சுட்டுப் போன்னு சொல்றாங்க. வெச்சுட்டேன். வந்து பாரு."

வேலையை முடித்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்வதற்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் காக்கிக் கவர். கடல்காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு எடைக்கல் அதன் மேல் இருந்தது. தபால்காரரைத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாள், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். ஆடு வந்தால் விரட்டினாள், பிள்ளைகள் ஓடிவந்தால் அதட்டினாள். கவரை மட்டும் தொடவில்லை.

"எடுத்து உள்ள வெச்சிருக்கலாமேம்மா" என்றேன்.

"கை ஈரமா இருந்துச்சுப்பா" என்றாள்.

அன்று அவள் மீனுக்கே போகவில்லை.